சாமிக்குப் போன கதிர்

சின்னமனூருக்குக் கிழக்கே, மலை தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் கருத்தக்கண்ணன் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. அவர் பணக்காரர் இல்லை. பயில்வானும் இல்லை. ஆனால் தை மாதம் முத்தாலம்மன் கோயில் வாசலில் சோளக்கதிர்க் கொத்து கட்டுவார்களே, அதில் ஒவ்வொரு வருடமும் அவர் கட்டும் கொத்துதான் பெரியது.

சோளம் என்றதும் நெருப்பில் வாட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்கிற மக்காச்சோளத்தை நினைத்து நீங்கள் சப்புக்கொட்ட வேண்டாம். இது நாட்டுச் சோளம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, உச்சியில் வெள்ளை வெள்ளையாக மணிகள் நெருங்கிய கதிர் வைக்கும். வெள்ளைக்காரர்கள் நாட்டை ஆண்ட காலம் அது. ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த வயல்களில் நெல் விளைந்தது. இந்த ஊர் மேட்டில் இருந்ததால் மழையை நம்பிச் சோளம்தான் விதைத்தார்கள். காலையில் சோளக்கூழ், மாலையில் சோளச்சோறு, பண்டிகை வந்தால் சோளத்தோசை.

அறுப்புக்கு முதல் நாள் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் சோளக்காட்டுக்குள் இறங்குவார். இருப்பதிலேயே நல்ல கதிர்களாகப் பார்த்துப் பார்த்து அறுப்பார். கொத்தாகக் கட்டிக் கோயில் வாசலில் தொங்கவிடுவார். காணிக்கை என்னவோ சாமிக்குத்தான். தின்பது குருவிகள்.

"அதுக்கும் ஒரு வாயி, ஒரு வயிறு இருக்குல்ல" என்பார் கருத்தக்கண்ணன்.

கொடுப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். சாமிக்குப் போக அடுத்த நல்ல கதிர்கள் அனுமந்தன்பட்டியில் இருக்கும் தங்கை அக்கம்மாள் வீட்டுக்குப் போகும். அதற்கு அடுத்தவை அறுக்க வந்தவர்களுக்கு. மிச்சம்தான் வீட்டுக்கு வரும்.

அவருடைய மகள் சங்கிலிக்குப் பத்து வயது. மகன் சுருளிக்கு ஆறு. சங்கிலி சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோளக்கதிர் அவள் முகத்தை மறைக்கும் அளவுக்கு இருந்தது. இப்போது அவள் வளர்ந்துவிட்டாள். கதிர்தான் வருடா வருடம் சிறுத்துக்கொண்டே வந்தது. போன அறுப்பில் வந்த சோளம் ஆனி மாதத்துக்குள்ளேயே, தானியம் கொட்டி வைக்கும் மண் குலுக்கையின் அடிக்கு இறங்கிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து சீனிச்சாமி மாமா வந்து சேர்ந்தார். அவர் சங்கிலியின் அம்மா பொன்னாத்தாளுக்கு அண்ணன் முறை. வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. ஊர் ஊராகப் போய் வேலைக்கு ஆள் சேர்ப்பது அவர் வேலை.

"மண்ணு செத்துப் போச்சு மாப்பிள்ளை" என்றார் அவர். "இனிமே இங்கன எதைப் போட்டாலும் முளைக்காது. காட்டை வித்துட்டு மலைக்கு வந்துருங்க. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வேலை. பிள்ளைகளும் கொழுந்து கிள்ளலாம்."

"அங்கன பள்ளிக்கூடம் இருக்கா மாமா?" என்று கேட்டாள் சங்கிலி.

"பள்ளிக்கூடமா? அட்டைப்பூச்சிதான் இருக்கு. அதுக்கு வேணும்னா நீ பாடம் நடத்து."

"அட்டை கடிக்குமா மாமா?" என்று ஓடி வந்தான் சுருளி.

"கடிச்சாத் தெரியாதுடா. ரத்தத்தைக் குடிச்சு வயிறு நெறஞ்சதும் அதுவா விழுந்துரும்."

சுருளிக்கு அப்போதே மலைக்குப் போக வேண்டும் போல் இருந்தது. சங்கிலிக்கு அழுகை வந்தது. இந்தத் தெரு, பள்ளிக்கூடம், தினமும் தண்ணீர் காட்டுகிற செவலைக் கன்றுக்குட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவதா?

கருத்தக்கண்ணன் வாசலுக்கு வந்து காட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்: "வர்ற தை அறுப்பையும் பார்த்துருவோம் மச்சான். அதுவும் கைவிட்டா வந்துருதோம்."

ஆடி மாதம் அந்தப் பள்ளத்தாக்கில் வீசும் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தெருவில் எதிர்க்காற்றில் நடந்தால் நடந்த இடத்திலேயே நிற்பது போல இருக்கும். அப்படி ஒரு நாளில் சுருளி, அப்பாவின் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு கங்காணி மாதிரி மிடுக்காக நடந்தான். காற்று துண்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

"ஏலே, அய்யா உரிச்சிருவாக!" என்று கத்திக்கொண்டே சங்கிலி ஓடினாள்.

துண்டு முத்தாலம்மன் கோயில் முள்வேலியில் போய் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக் குனிந்த சங்கிலி அப்படியே நின்றுவிட்டாள்.

வேலிக்கு உள்ளே, கோயில் வாசலை ஒட்டி, சரளைக் கற்களுக்கு நடுவே சோளம் நின்றது. ஒரு சின்னக் கும்பல்தான். யாரும் அங்கே ஏர் ஓட்டவில்லை, எருப் போடவில்லை, களை எடுக்கவில்லை. அந்தக் காற்றில் ஒரு சோளத்தட்டைகூடச் சாயவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் கனத்த கதிர். மணிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, இடம் போதாமல் நெருங்கி இருந்தன. சங்கிலி தன் முழங்கையை ஒரு கதிரோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். கதிர் அவள் மணிக்கட்டைத் தாண்டி நின்றது.

'எவ்வளவு அழகு!' என்று அவளுக்குத் தோன்றியது. கூடவே ஆச்சரியமும் வந்தது. இவ்வளவு உழைத்தும் எங்கள் காட்டில் விளையாதது, கல்லுக்குள் எப்படி விளைந்தது?

"அக்கா, இதை யாரு விதைச்சா?" என்று கேட்டான் சுருளி.

வேலி மேல் இருந்த குருவி ஒன்று கதிரைக் கொத்தியது. ஒரு மணி வாய்க்குள் போனது, இன்னொரு மணி கீழே விழுந்தது.

"இந்தா, இவுகதான் விதைச்சாக" என்று குருவியைக் காட்டினாள் சங்கிலி. தையில் வாசலில் தொங்கிய கொத்துகளைக் குருவிகள் தின்றபோது சிந்திய மணிகள், கோடை மழையில் முளைத்திருக்கின்றன. அந்தக் கொத்துகளில் பெரியது யாருடையது? அவளுடைய அப்பாவுடையது!

துண்டை வேலியிலிருந்து எடுத்து மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டு எதிரே நின்ற சுருளியைப் பார்த்தாள். அதே நெற்றி, அதே சப்பை மூக்கு. அச்சு அசல் அப்பாதான். 'பிள்ளை பெற்றவரைப் போல. அப்படியென்றால் கதிரும்?' சங்கிலிக்கு மனதுக்குள் பளிச்சென்று பட்டது. வீட்டுக்கு ஓடினாள்.

பொன்னாத்தாள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாம விதைக்கிற சோளம் எங்கன இருந்து வருது?"

"இது என்னடி கேள்வி? குலுக்கையில இருந்துதான். சோத்துக்குப் பெரிய மணியாப் புடைச்சு எடுத்தது போக, கடைசியில அடியில பொடிசு கிடக்கும்ல, அதை விதைப்போம்."

"அப்ப நல்ல கதிரெல்லாம்?"

"நல்லது சாமிக்கு. அடுத்தது உங்க அத்தைக்கு. அதுக்கு அடுத்தது அறுத்தவுகளுக்கு. அப்புறம்..." பொன்னாத்தாளின் கையில் இருந்த முறம் நின்றுவிட்டது. அவள் மகளைப் பார்த்தாள். மகள் அவளைப் பார்த்தாள்.

ஆனால் கருத்தக்கண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அது ஆத்தா வாசல் மண்ணு. அங்கன கல்லைப் போட்டாலும் முளைக்கும். அவ சக்தி அப்படி" என்றார்.

"அப்படின்னா அந்த விதையை நம்ம காட்டுல போட்டுப் பார்ப்போமாய்யா? மண்ணாலயா, விதையாலயான்னு தெரிஞ்சிரும்ல?"

"சாமி பொருளையா? பூசாரிகிட்டக் கேளு. அவுக குடுத்தாப் போடலாம்." பூசாரி கொடுக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் அவர் அப்படிச் சொன்னார்.

பூசாரி பலவேசம் சங்கிலிக்குப் பெரியப்பா முறை. மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. ஆனால் குருவிகள் என்றால் உருகிவிடுவார். சங்கிலி கேட்டதும் தலையை ஆட்டினார்.

"அது குருவிக்கு உள்ளதுத்தா. பிடுங்கக் கூடாது."

"பதிலுக்கு எங்க வீட்டுச் சோளத்தைக் குருவிக்குக் கொண்டாறேன் பெரியப்பா."

"நல்லாருக்கே! பெரிய மணியை எடுத்துக்கிட்டுப் பொடிசைக் குடுப்ப. குருவி என்ன இளிச்சவாயா? கண்டுபிடிச்சிராது? ஒரு மணியைத் தொடாது."

"தொட்டா?"

"தொட்டா நீ பறிச்சுக்கோ."

சங்கிலி வீட்டிலிருந்து பொடிச்சோளம் கொண்டுவந்து வாசலின் ஒரு பக்கம் தூவினாள். மறுபக்கம் பூசாரி தம் கையாலேயே கோயில் கதிர் ஒன்றை உதிர்த்துத் தூவினார். இரண்டு பேரும் தூண் மறைவில் நின்றார்கள். குருவிகள் வந்தன. இந்தப் பக்கம் ஒரு கொத்து, அந்தப் பக்கம் ஒரு கொத்து. பெரியது சிறியது என்று எந்தப் பேதமும் இல்லை. பொடிச்சோளம் பக்கம் ஒரே சண்டை வேறு.

"வெட்கங்கெட்ட குருவிகளா! என் மானத்தை வாங்கிட்டீகளே!" என்று பூசாரி மீசைக்குள் சிரித்தார். "சரி, பறிச்சுக்கத்தா. ஆனா கதிரு முத்தட்டும். அது வரைக்கும் குருவி பட்டினி கிடக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

சங்கிலி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கதிர் முற்றும் வரை தன் பங்கில் ஒரு பிடிச் சோளத்தைத் தினமும் குருவிகளுக்குக் கொண்டுபோனாள். அந்த நாட்களில் அவள் குடித்த கூழ் கொஞ்சம் தண்ணீராகத்தான் இருந்தது.

புரட்டாசியில் மழை விழுந்தது. கருத்தக்கண்ணன் ஏர் பூட்டினார்.

"உன் சாமி விதையை எங்கன போட?" என்று மகளைக் கிண்டலாகக் கேட்டார்.

"குப்பைக்குழி ஓரத்துல போடுங்கய்யா. நல்லாக் கொழுக்கும்" என்றான் சுருளி.

"வேண்டாய்யா" என்றாள் சங்கிலி. "அங்கன எதைப் போட்டாலும் கொழுக்கும். அப்புறம் எருவாலதான் விளைஞ்சுதுன்னு சொல்லுவீக. நடுக்காட்டுல போடுங்க. ரெண்டு பக்கமும் குலுக்கைச் சோளம், நடுவுல இது."

கருத்தக்கண்ணன் மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நடுக்காட்டுக்கு ஏரை ஓட்டினார்.

ஒரே மண், ஒரே மழை, ஒரே வெயில். முளைத்தபோது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. சங்கிலிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மார்கழி வந்ததும் கதிர்கள் வெளியே தலைகாட்டின. இரண்டு பக்கமும் எலிவால் போலக் கதிர்கள். நடுவில் ஒரு பட்டை மட்டும் கனத்த கதிர்களோடு எழும்பி நின்றது. தூரத்தில் வரும்போதே அது கண்ணில் பட்டது. வழியில் போகிறவர்கள்கூட வரப்பில் ஏறி நின்று பார்த்தார்கள்.

தை வந்தது. அறுப்புக்கு முதல் நாள் கருத்தக்கண்ணன் அரிவாளோடும் ஓலைப்பெட்டியோடும் காட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா! இந்த வருசம் நம்ம கொத்தைப் பார்த்து ஊரே வாயைப் பிளக்கப் போகுது!"

சொல்லிக்கொண்டே நேராக நடுப்பட்டைக்குள் நுழைந்தார்.

சங்கிலி ஓடிப்போய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அப்பாவை மறித்து நின்றாள்.

"அய்யா, அதைத் தொடாதீக!"

கருத்தக்கண்ணனின் சிரிப்பு மறைந்தது. "சாமிக்கு அறுக்கப் போறேன். குறுக்க நிக்கிற?"

"இதை அறுத்துட்டா நமக்குப் பழையபடி பொடிசுதானே மிஞ்சும்?"

"அதுக்காக? நல்லதை நாம வச்சுக்கிட்டு நோஞ்சான் கதிரைச் சாமிக்குக் குடுக்கச் சொல்றியா?"

சங்கிலி கைகளைக் கீழே இறக்கினாள். சாமிக்கு மட்டமானதைக் கொடு என்று எப்படிச் சொல்வது? அவளுக்கே அது பிடிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அவள் நகரவில்லை. நின்ற இடத்திலேயே யோசித்தாள். போன வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குக் கொண்டுபோன எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது.

"சாமிக்கே குடுங்கய்யா" என்றாள் மெதுவாக. "எல்லாத்தையும் குடுங்க. ஆனா வாசல்ல வேண்டாம், குருவி வராத சன்னதிக்கு உள்ள கட்டச் சொல்லுங்க. எலுமிச்சம்பழம் குடுத்தா, பெரியப்பா சாமி காலடியில வச்சுத் திருப்பிக் குடுக்காக. பூ குடுத்தாப் பூவைத் திருப்பிக் குடுக்காக. கதிரைக் குடுத்தா, புரட்டாசியில விதையாத் திருப்பிக் குடுக்க மாட்டாகளா?"

கருத்தக்கண்ணன் அரிவாளைக் கீழே போட்டார். நடுப்பட்டையைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டார்.

"மண்ணு செத்துப் போச்சுன்னுல நினைச்சேன்" என்றார். "மண்ணு உசுரோடதான் கிடக்கு. நல்ல பிள்ளைகளையெல்லாம் நானே வெளிய அனுப்பிட்டு, மண்ணைப் போய்க் குத்தம் சொல்லியிருக்கேன்."

அன்றைக்கே குடும்பத்தோடு கோயிலுக்குப் போனார்கள். விஷயத்தைக் கேட்ட பூசாரி மீசையைத் தடவினார். "ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்" என்று கண்ணை மூடினார். எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். வாசல் உத்தரத்தில் 'கீச்' என்று ஒரு சத்தம்.

"சரின்னுட்டா" என்றார் பூசாரி.

"அது குருவில்ல?" என்றான் சுருளி.

"குருவி யாருடா? ஆத்தாவோட ஆளு!" என்று அவனை அடக்கிவிட்டு, பூசாரி சங்கிலி பக்கம் திரும்பினார். "ஏத்தா, புரட்டாசியில அம்புட்டு விதையும் உங்க வீட்டுக்கேவா?"

"இல்ல பெரியப்பா. எல்லா வீட்டுக் கதிரும் சிறுத்துத்தானே கிடக்கு? வீட்டுக்கு ஒரு பிடி குடுங்க. மிச்சம் எங்களுக்கு."

கருத்தக்கண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. கொடுப்பதில் மகள் தன்னையே மிஞ்சிவிட்டாளே! நடுப்பட்டைக் கதிர்கள் அத்தனையும் அம்மன் சன்னதிக்கு உள்ளே ஏறின. வாசலில் குருவிகளுக்குச் சாதாரணக் கதிர்க் கொத்து தொங்கியது. குருவிகள் ஒரு குறையும் சொல்லவில்லை.

சீனிச்சாமி மாமா அடுத்த வாரமே வந்து நின்றார்.

"அட்டைக்கு வேற ஆளைப் பாருங்க மச்சான்" என்றார் கருத்தக்கண்ணன். "ஒரு வருசம் வயித்தைக் கட்டிக்கிட்டு இருந்துருவோம். காட்டை விக்கிறதா இல்ல."

சங்கிலி செவலைக் கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சுருளி மட்டும் அட்டையைப் பார்க்க முடியவில்லையே என்று அழுதான்.

அந்தப் புரட்டாசியில் பூசாரி ஒவ்வொரு வீட்டுக்கும் விதையைத் திருநீற்றோடு கொடுத்தார். கருத்தக்கண்ணன் மீதி விதையைக் காடு முழுக்க விதைத்தார். வரப்பில் நின்று கதிர் வளர்வதைப் பார்ப்பதே அந்த வருடம் ஊருக்கு வேலையாகப் போயிற்று.

மறுபடியும் தை. சங்கிலி விடியற்காலையிலேயே காட்டுக்குள் சுற்றி, விதைக்கான கதிர்களைப் பார்த்துப் பார்த்துச் சிவப்பு நூல் கட்டிவிட்டு வந்தாள். அடுத்து, குருவிகளுக்கு வாசலில் கட்டச் சுமாரான கதிர்கள் கொஞ்சம் அறுக்க வேண்டும். அதற்காகக் கருத்தக்கண்ணன் பெட்டியோடு உள்ளே போனார். போனவர் வெகுநேரமாகத் திரும்பவில்லை.

சங்கிலி தேடிக்கொண்டு போனாள். அவர் நடுக்காட்டில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பெட்டி காலியாக இருந்தது.

"என்னய்யா, இன்னும் ஒண்ணுகூட அறுக்கலையா?"

"எதைத்தா அறுக்க? குருவிக்குச் சுமாரான கதிரா ரெண்டு தேடுதேன், தேடுதேன், காடு பூரா தேடிட்டேன். ஒண்ணுகூடக் கிடைக்கலை!"

சங்கிலி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அப்பாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"அப்ப நல்லதையே குடுத்துருவோம்யா. முதமுத விதைச்சது அவுகதானே!"